பெரிய ரெஸ்டாரன்ட்டில் ஏமாற்றமான டின்னர்: பெங்களூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இந்திராநகர், கோரமங்களா, லாவெல் ரோடு பக்கம் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் பில் ஐந்து இலக்கத்தைத் தொடுவது இப்போது சாதாரணம். அவ்வளவு செலவழித்துவிட்டு, வீட்டுக்கு வந்தபின் "அங்கேயே சொல்லியிருக்கலாமோ" என்று வருந்துகிறவர்களின் சந்தேகங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறோம். மேசையில் இருக்கும்போதே சொன்னால் இருபது நிமிடத்தில் தீரும் விஷயம், வெளியே வந்துவிட்டால் மாதக்கணக்கில் இழுக்கும். பாதிப் பதில்கள் இதைச் சுற்றியே வரும்.

சாப்பாடு பிடிக்கலைன்னா தட்டைத் திருப்பி அனுப்பலாமா? ஆர்டர் பண்ணிட்டோம்னா காசு குடுத்துத்தான் ஆகணுமா?

சமையலில் தவறு இருந்தால் தாராளமாக அனுப்பலாம். உப்பு தூக்கல், உள்ளே வேகவில்லை, அடிப்பிடித்த வாசனை, ஆறிப்போய் வந்தது, மெனுவில் எழுதியிருந்த பொருள் தட்டில் இல்லை, கேட்டது ஒன்று வந்தது இன்னொன்று. இவையெல்லாம் தவறுகள். ஒழுங்கான இடத்தில் மாற்றிக் கொடுப்பார்கள், முடியாவிட்டால் பில்லிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

பதம் சரியாக இருந்தும் நம் நாக்குக்குப் பிடிக்காமல் போவது வேறு. ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசிச் சாப்பாட்டில் அரிசி நடுவே லேசாகக் கடிபடும். அதுதான் அதன் பதம், பொங்கல் போலக் குழைந்துவிட்டால்தான் தப்பு. பாஸ்தாவும் அப்படியே. புளூ சீஸ் நெடியடிக்கத்தான் செய்யும். இவற்றைத் திருப்பி அனுப்ப உரிமை கிடையாது. சொன்னால் மரியாதைக்காக வேறொன்று தரும் இடங்கள் உண்டு, ஆனால் அதை நம்பி ஆர்டர் செய்ய வேண்டாம்.

முக்கியமானது எப்போது சொல்கிறோம் என்பது. இரண்டு மூன்று வாய்க்குள் சொல்லிவிட வேண்டும். பாதித் தட்டு காலியான பிறகு சொன்னால் பேச்சு எடுபடாது. எடுபடாதது நியாயமும்தான்.

யார்கிட்ட சொல்றது? தட்டு கொண்டு வந்தவர்கிட்ட சொன்னா தலையாட்டிட்டுப் போயிடறார்.

தட்டைக் கொண்டு வைப்பவர் பெரும்பாலும் ரன்னர். அடுப்பங்கரையிலிருந்து மேசைவரை கொண்டு வருவதுதான் அவர் வேலை. பில்லையோ ஆர்டரையோ அவரால் தொட முடியாது. உங்களிடம் ஆர்டர் எடுத்தவர் கேப்டன் அல்லது ஸ்டீவர்ட். அவரிடம் சொல்லுங்கள். பில்லில் எதையாவது நீக்க மேனேஜரால்தான் முடியும். கேப்டன் கன்னடக்காரர் என்றால் "ஸ்வல்ப மேனேஜரன்ன கரீரி" (கொஞ்சம் மேனேஜரைக் கூப்பிடுங்கள்) போதும். வடகிழக்கு, நேபாளம், வங்காளம் பக்கத்திலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர் இந்த வேலையில் இருப்பதால் ஆங்கிலமோ இந்தியோ பல இடங்களில் வேண்டியிருக்கும். தமிழ் தெரிந்த கேப்டன்களும் பெங்களூரில் குறைவில்லை, தயங்காமல் கேட்டுப் பாருங்கள்.

"நல்லா இல்ல" என்றால் சமையலறைக்கு ஒன்றும் புரியாது. எந்த அயிட்டம், என்ன குறை, என்ன வேண்டும் என்று மூன்றையும் சொல்லுங்கள். "இந்த மீன் ஓரத்தில் வெந்திருக்கிறது, நடுவில் ஜில்லென்று இருக்கிறது. புதிதாகச் செய்து தர எவ்வளவு நேரம் ஆகும்?" இப்படிக் கேட்டால் பதில் நேராக வரும்.

தட்டு வைத்து இரண்டு மூன்று நிமிடத்தில் ஒருவர் வந்து "எல்லாம் எப்படி இருக்கு?" என்று கேட்பார். அது உபசார வார்த்தை மட்டும் இல்லை, குறையைக் கண்டுபிடிக்கத்தான் அந்த வழக்கமே இருக்கிறது. நம்மவர்கள் அனிச்சையாக "நல்லா இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். அந்த ஒரு வார்த்தையோடு பாதி வாய்ப்பு போய்விடுகிறது.

திருப்பி அனுப்பினா கோபத்துல கிச்சன்ல ஏதாவது பண்ணிடுவாங்களோன்னு பயமா இருக்கே?

இந்தப் பயத்தினாலேயே பலர் வாய் திறப்பதில்லை. திரும்பி வரும் தட்டு, தட்டுகளைக் கடைசியாகச் சரிபார்க்கும் மேடைக்குத்தான் போகும். அதற்குப் பாஸ் என்று பெயர். அங்கே ஷெஃபோ, அவருக்கு அடுத்த நிலையில் உள்ள சூ ஷெஃபோ நின்றுகொண்டிருப்பார். குறையை அவர் ருசிபார்த்து, அதே கேஓடி எண்ணில் மறுபடி செய்யச் சொல்வார். கேஓடி என்பது உங்கள் ஆர்டர் சமையலறைக்குப் போகும் சீட்டு. மற்றத் தட்டுகளைவிடத் திரும்பி வந்த தட்டைத்தான் அதிகக் கண்கள் கவனிக்கும்.

உண்மையில் நடக்கக்கூடிய தப்பு வேறு: புதிதாகச் செய்யாமல் அதே துண்டை மறுபடி சுட வைத்துக் கொடுப்பது. நீங்கள் கத்தி வைத்த தடம் இருக்கும், ஓரம் வறண்டு போயிருக்கும். அதனால்தான் மேலே மீனுக்கான கேள்வியில் "புதிதாக" என்ற சொல்லை வைத்தோம்; அதை விடாமல் சொல்லுங்கள். பாஸ்தாவுக்குச் சுமார் 10 நிமிடம், மீனுக்கு 15, ஆட்டுச் சாப்ஸுக்கு 20 முதல் 25 நிமிடம் ஆகும். தம் பிரியாணி, மணிக்கணக்கில் வேகும் ஆட்டுக்கால் போன்றவற்றை மறுபடி செய்ய வழியே இல்லை; அவற்றுக்குப் பதிலாகச் சீக்கிரம் வரக்கூடிய வேறொன்றைக் கேளுங்கள். உங்களுக்காக மற்றவர்கள் தட்டு ஆறிப்போகும்வரை காத்திருக்க வேண்டாம்.

எவ்வளவு நேரம் காத்திருக்கணும்? ஒரு மணி நேரம் ஆச்சு, மெயின் கோர்ஸ் வரவே இல்ல.

ஸ்டார்ட்டருக்கு 15 முதல் 20 நிமிடம், அதைச் சாப்பிட்டு முடித்தபின் மெயினுக்கு 20 முதல் 30 நிமிடம் என்றால் சரியான வேகம். அதற்கு மேல் பத்து நிமிடம் தாண்டினால் கேப்டனைக் கூப்பிட்டு "எங்கள் மெயின் அடுப்பில் ஏறிவிட்டதா?" என்று கேளுங்கள். பல இடங்களில் மெயினைத் தானாக ஆரம்பிக்க மாட்டார்கள். ஸ்டார்ட்டர் தட்டுகள் எடுக்கப்பட்டதும் கேப்டன் உள்ளே சொன்னால்தான் ஆரம்பிப்பார்கள். அவர் மறந்துவிட்டால் சீட்டு அப்படியே தொங்கும். ஒரு துண்டு கபாப்பைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாலும், நீங்கள் இன்னும் முடிக்கவில்லை என்று நினைத்துக்கொள்வார்கள்.

சனிக்கிழமை இரவு எட்டரையிலிருந்து பத்துவரை சமையலறைக்கு மூச்சுத் திணறும் நேரம். அதே இடம், அதே ஷெஃப், ஆனால் செவ்வாய்க்கிழமை ஏழரைக்குக் கிடைக்கும் சாப்பாடு கிடைக்காது. குறிப்பாகச் சாப்பாட்டுக்காகவே போகிறவர்கள் வாரநாளில், ஏழு ஏழரைக்கு மேசை வாங்குவது நல்லது. சில்க் போர்டு, மாரத்தஹள்ளி தாண்டி வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பெரும்பாலான இடங்களில் மேசையை 15 நிமிடம்தான் பிடித்து வைப்பார்கள். தாமதமானால் வழியிலேயே போன் செய்துவிடுங்கள்.

தட்டு ஆறிப்போய் வருது. இவ்வளவு பெரிய இடத்துல ஏன் இப்படி?

ஒரு மேசைக்கான எல்லாத் தட்டும் ஒன்றாகப் போக வேண்டும் என்பது இந்த மாதிரி இடங்களின் முறை. ஆறு பேரில் ஐவருடைய தட்டு தயாராகி, ஆறாவதற்காகப் பாஸில் காத்திருந்தால் முதலில் வந்தது ஆறிவிடும். குழம்பு மாதிரி ஊற்றிய சாஸின் மேல் ஏடு படிந்திருந்தால் தட்டு காத்திருந்திருக்கிறது என்று அர்த்தம். இன்னொரு காரணம், சூடேற்றாத தட்டு. அகலமான பீங்கான் தட்டில் சின்ன அளவு சாப்பாட்டை வைத்தால், ஏசி காற்றில் இரண்டு மூன்று நிமிடத்தில் சூடு இறங்கிவிடும். ஏசி நேராக விழும் மேசை என்றால் உட்காருவதற்கு முன்பே மாற்றிக் கேளுங்கள். படம் எடுப்பதற்காக ஐந்து நிமிடம் வைத்திருந்துவிட்டு ஆறிவிட்டது என்று சொல்வது மட்டும் நியாயமில்லை.

அளவு ரொம்பக் குறைவா இருக்கு. எட்டு கோர்ஸ்னாங்க, ஒவ்வொண்ணும் ரெண்டு வாய்தான். இது ஏமாத்துறதில்லையா?

டேஸ்டிங் மெனுவில் அதுதான் அமைப்பு. ஒரு கோர்ஸ் ஐம்பது அறுபது கிராம் என்றாலும் எட்டு சேர்ந்தால் நானூறு கிராமுக்கு மேல் வந்துவிடும். முடிய இரண்டரை மணி நேரமாவது ஆகும். பசியோடு போய் வேகமாக முடிக்க நினைப்பவர்களுக்கும், எட்டரைக்குத் தூங்கும் குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது சரிப்படாது. புக் செய்யும்போதே எத்தனை கோர்ஸ், எவ்வளவு நேரம், மேசையில் எல்லோரும் அதையே எடுத்தாக வேண்டுமா என்று கேளுங்கள். தனித்தனியாக ஆர்டர் செய்யும் மெனுவில் சந்தேகம் வந்தால் "இதில் எத்தனை துண்டு வரும்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஐந்து பேர் போய் நாலு துண்டு வரும் ஸ்டார்ட்டர் வாங்குவதுதான் பல குடும்பங்களின் முதல் ஏமாற்றம்.

கறி உள்ளே சிவப்பா இருந்துச்சு. வேகாததா, இல்ல அப்படித்தான் குடுப்பாங்களா?

எந்தக் கறி என்பதைப் பொறுத்தது. ஆட்டுச் சாப்ஸ், வாத்து மார்பு இரண்டையும் மேற்கத்தியச் சமையலில் உள்ளே ரோஜா நிறமாகத்தான் பரிமாறுவார்கள். மீடியம் ரேர் என்றால் உள்வெப்பம் 54 முதல் 57 டிகிரி செல்சியஸ், மீடியம் என்றால் 60 முதல் 63, நன்றாக வெந்தது என்றால் 70க்கு மேல். நம் வீட்டுப் பதம் வேண்டுமானால் ஆர்டர் கொடுக்கும்போதே "வெல் டன்" என்று சொல்லிவிடுங்கள். அவர் கேட்காமல் போனாலும் நீங்கள் சொல்ல வேண்டும்.

கோழிக்கு இந்தச் சலுகை கிடையாது, 74 டிகிரி எட்டியே ஆகவேண்டும். ஆனால் நிறத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது: இளங்கோழியில் எலும்பு மஜ்ஜையின் நிறம் கசிந்து, வெந்த பிறகும் எலும்பை ஒட்டிச் சிவப்பாக இருக்கும். சதை வழவழவென்று கண்ணாடி மாதிரி இருந்து, எலும்பிலிருந்து பிரிய மறுத்தால் வேகவில்லை. அதற்குமேல் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல் திருப்பிக் கொடுங்கள்.

நாங்க சுத்த சைவம். பச்சைப் புள்ளி போட்ட மெனுவைப் பார்த்து ஆர்டர் பண்ணா போதுமா?

போதாது. இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. கண்ணுக்குத் தெரியும் கறி இல்லை என்பதோடு சில சமையலறைகளில் சைவம் என்ற கணக்கு முடிந்துவிடுகிறது. தாய் கறி பேஸ்ட்டில் உலர்ந்த இறால் அரைத்திருக்கும். பாட் தாயில் மீன் சாஸ். சீனக் காய்கறிப் பொரியலில் ஆய்ஸ்டர் சாஸ். கொரியக் கிம்ச்சியில் மீன் சாஸோ இறால் உப்போ. சீசர் சாலட் டிரெஸ்ஸிங்கில் நெத்திலி வகை மீன். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிநீர் உலர்ந்த மீனில் எடுத்தது. பன்னா கோட்டா, மூஸ், சீஸ்கேக் போன்ற இனிப்புகள் சிலவற்றில் விலங்குகளின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின். இவை எல்லாவற்றுக்கும் சைவ மாற்று உண்டு, நல்ல இடங்களில் அதையே வைத்திருப்பார்கள். ஆனால் கேட்டு உறுதி செய்ய வேண்டும்.

"வெஜ் தானே?" என்று கேட்டால் "யெஸ் சார்" என்றுதான் வரும். அப்படிக் கேட்காதீர்கள். "இந்தக் கறி பேஸ்ட் நீங்களே அரைப்பதா, வாங்குவதா? அதில் இறால் இருக்கிறதா?" "சூப்புக்கு எந்த ஸ்டாக்?" "இதைப் பொரிக்கும் எண்ணெயில் சிக்கனும் பொரிக்கிறீர்களா?" என்று பொருளின் பெயர் சொல்லிக் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு நேர்மையான பதில் பல இடங்களில் "ஆமாம்" என்றே இருக்கும். ஃபிரெஞ்ச் ஃபிரைஸும் சிக்கனும் ஒரே எண்ணெயில் போவது சகஜம். சீஸைப் பற்றியும் கேட்கலாம்: பால் உறைய வைக்கும் ரென்னெட், கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்தும் எடுக்கப்படும், நுண்ணுயிரிலிருந்தும் எடுக்கப்படும். நம் நாட்டில் செய்யும் சீஸ்களில் பெரும்பாலும் இரண்டாவதுதான்.

அம்மா அப்பாவை அழைத்துப் போகிறீர்கள், வெங்காயம் பூண்டு சேர்க்க மாட்டார்கள் என்றால் ஒரு நாள் முன்னதாகவே போனில் சொல்லுங்கள். கிரேவியின் அடிமசாலாவைக் காலையிலேயே மொத்தமாக வதக்கி வைத்திருப்பார்கள். அதிலிருந்து இரவு ஒன்பது மணிக்குப் பூண்டைப் பிரித்தெடுக்க முடியாது. முன்பே தெரிந்தால் தனியாகச் செய்து வைப்பார்கள்.

வெஜ் ஆர்டர் பண்ணோம், சாப்பிட்ட பிறகுதான் உள்ளே கறி இருக்கறது தெரிஞ்சுது. என்ன பண்ணணும்?

தட்டை உடனே கொடுத்துவிடாதீர்கள், அதுதான் சான்று. வெட்டுமுகம் தெரியும்படி படம், மெனுவில் அந்த அயிட்டத்தின் படம், மேசை எண், நேரம். மேனேஜரை வரவழைத்து அவர் முன்னாலேயே காட்டி, நடந்ததை ஒத்துக்கொண்டு ஈமெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்பச் சொல்லுங்கள். பில்லை ரத்து செய்துவிட்டாலும் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில் இல்லாவிட்டால் நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கே ஆதாரம் இல்லாமல் போகும்.

சைவம் கேட்டவருக்கு அசைவம் கொடுப்பது நுகர்வோர் சட்டப்படி சேவைக் குறைபாடு. மன வேதனைக்கும் இழப்பீடு கேட்கலாம். புகார் செய்யும் வழி கீழே வருகிறது. கண்ணாடித் துண்டு, பூச்சி, கம்பி எதுவானாலும் இதே முறைதான். அந்தப் பொருளையும் டிஷ்யூவில் மடித்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வைன் கொஞ்சமா ஊத்திக் குடிச்சுப் பார்க்கச் சொல்றாங்க. பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லலாமா?

பாட்டில் கெட்டிருக்கிறதா என்று பார்க்கத்தான் அந்தச் சொட்டு. பிடிக்கிறதா என்று கேட்பதற்கு அல்ல. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி வாடை வந்தால் தக்கையால் கெட்டிருக்கிறது. காடி மாதிரியோ, வெட்டி வைத்துக் கறுத்த ஆப்பிள் மாதிரியோ இருந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. இரண்டுக்கும் பாட்டிலை மாற்ற வேண்டும். திருகு மூடி போட்ட பாட்டிலில் தக்கைக் கோளாறு வராது.

ஏமாற்றம் அதிகம் நடப்பது கிளாஸ் கணக்கில் வாங்கும்போதுதான். திறந்த பாட்டில் மூன்று நாலு நாள் கிடந்தால் வாசனை செத்துவிடும். "எப்போது திறந்தது?" என்று கேளுங்கள். 750 மில்லி பாட்டிலில் 150 மில்லி கிளாஸ் ஐந்து வரும். மூன்று பேர் ஆளுக்கு இரண்டு கிளாஸ் குடிப்பதாக இருந்தால் பாட்டிலின் விலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

தண்ணி பாட்டில்ல எம்ஆர்பிக்கு மேல போட்டிருக்காங்க. சட்டப்படி தப்புதானே?

இல்லை. உட்கார்ந்து சாப்பிடும் ரெஸ்டாரன்ட்டில் இடம், பரிமாறுதல் எல்லாம் சேர்ந்த சேவை இருப்பதால் எம்ஆர்பிக்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் தீர்ப்பளித்தது. உட்கார்ந்ததும் "ஸ்டில் ஆர் ஸ்பார்க்ளிங்?" (சாதா பாட்டில் தண்ணீரா, கேஸ் அடைத்ததா) என்று கேட்பார்கள். இரண்டுமே காசு. "ரெகுலர் வாட்டர்" என்று சொல்லுங்கள், வடிகட்டிய தண்ணீர் வரும்.

பில்லுல என்னென்னவோ போட்டிருக்கு. எதைப் பார்க்கணும்?

முதலில் அயிட்டங்களின் எண்ணிக்கை. திருப்பி அனுப்பியது மறுபடி செய்து வந்தபோது இரண்டாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். பில் மிஷினில் அடிக்கடி நேரும் தவறு இது. பிறகு சர்வீஸ் சார்ஜ். அதன்பின் ஜிஎஸ்டி. சாப்பாடு 6,400 ரூபாய், சர்வீஸ் சார்ஜ் 10 சதவீதம் என்றால் 640. இரண்டையும் கூட்டி 7,040 மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 352 போட்டு, மொத்தம் 7,392 என்று வரும். சர்வீஸ் சார்ஜ் இல்லாவிட்டால் 6,400 மேல் 320 மட்டும், மொத்தம் 6,720. வித்தியாசம் 640 அல்ல, 672. அந்த 32 ரூபாய், சர்வீஸ் சார்ஜுக்கு நீங்கள் கட்டிய வரி.

மதுவுக்கு ஜிஎஸ்டி கிடையாது. பியர், விஸ்கி, வைன் தொகையையும் சேர்த்து ஜிஎஸ்டி கணக்கிட்டிருந்தால் பில் தப்பு. பெரும்பாலான இடங்களில் மதுவுக்குத் தனி பில் வருவது இதற்காகத்தான். உணவுப் பாதுகாப்புக்கான மத்திய அமைப்பான எஃப்எஸ்எஸ்ஏஐ கொடுக்கும் 14 இலக்க உரிம எண் பில்லில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். புகார் கொடுக்கும்போது அந்த எண் வேண்டியிருக்கும்.

சர்வீஸ் சார்ஜ் வேண்டாம்னு சொன்னா "எங்க பாலிசி சார், மெனுவுலயே போட்டிருக்கோம்"னு சொல்றாங்களே?

மெனுவில் அச்சடித்திருப்பதால் அது கட்டாயமாகிவிடாது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலை 4 அன்று வெளியிட்ட வழிகாட்டுதலில், எந்த ரெஸ்டாரன்ட்டும் சர்வீஸ் சார்ஜைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது, வேறு பெயரிலும் வசூலிக்கக் கூடாது, அதன் மேல் ஜிஎஸ்டி போட்டு மொத்தத்தில் சேர்க்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ரெஸ்டாரன்ட் சங்கங்கள் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2025 மார்ச் 28 அன்று இந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சங்கங்கள் மேல்முறையீட்டுக்குப் போயிருக்கின்றன.

மேசையில் சொல்ல வேண்டியது ஒரு வரிதான்: "சர்வீஸ் சார்ஜை எடுத்துவிட்டுப் புது பில் கொடுங்கள்." பெரும்பாலும் எடுத்துவிடுவார்கள். மறுத்தால் சத்தம் போட வேண்டாம். பணத்தைக் கட்டிவிட்டு, பில்லின் மேல் "ஆட்சேபத்துடன் கட்டப்பட்டது" என்று எழுதிப் படம் எடுத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு அழையுங்கள். நன்றாகக் கவனித்துக்கொண்டவருக்குத் தர நினைத்தால் கையில் கொடுங்கள். கார்டில் சேர்த்துக் கொடுக்கும் டிப்ஸ் அவரிடமே போய்ச் சேருமா என்று அவரையே கேட்டுவிடலாம்.

ஒரு இடத்துல ஜிஎஸ்டி 5 சதவீதம், இன்னொரு இடத்துல 18. எது சரி?

இரண்டும் சரியாக இருக்கலாம். தனியாக நடக்கும் ரெஸ்டாரன்ட் எவ்வளவு ஆடம்பரமானாலும் 5 சதவீதம்தான். அறை வாடகை நாளொன்றுக்கு 7,500 ரூபாயைத் தாண்டும் ஸ்டார் ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட் என்றால் 18. மெனு விலை ஒன்றாகத் தெரிந்தாலும் ஹோட்டலுக்குள் சாப்பிட்டால் பத்தாயிரத்துக்கு 1,300 ரூபாய் கூடுதலாகப் போகும்.

பொண்ணோட பர்த்டேக்கு இருபது பேருக்கு புக் பண்ணோம். சொன்னது எதுவும் நடக்கல, அட்வான்ஸையும் திருப்பித் தரல.

போனில் பேசியதெல்லாம் காற்றோடு போகும். பேசி முடித்ததும் நீங்களே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பி, "சரி" என்று பதில் வாங்குங்கள். ஆள் கணக்கு எத்தனை, குறைந்தால் எத்தனைக்குக் கட்ட வேண்டும், தலைக்கு எவ்வளவு, அந்தத் தொகையில் வரியும் சர்வீஸ் சார்ஜும் அடக்கமா, ஸ்டார்ட்டர் எத்தனை சுற்று வரும், மேசை எத்தனை மணிவரை, வெளியிலிருந்து கேக் கொண்டுவரலாமா, ரத்து செய்தால் அட்வான்ஸ் என்ன ஆகும். "அன்லிமிடெட் ஸ்டார்ட்டர்" என்பது பெரும்பாலும் ஒன்றரை மணி நேரக் கணக்கு. பெங்களூர் டிராஃபிக்கில் பாதி விருந்தினர் வந்து சேரும்போது அது முடிந்திருக்கும். விருந்தினர் வந்த பிறகுதான் கடிகாரம் ஆரம்பிக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள்.

ராத்திரி சாப்பிட்டோம், காலைல வாந்தி பேதி. அந்த ரெஸ்டாரன்ட்தான் காரணம்னு எப்படி நிரூபிக்கிறது?

முதலில் உடம்பு. ஓஆர்எஸ் இல்லாவிட்டால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு கலந்து சிறிது சிறிதாகக் குடிக்கலாம். மலத்தில் ரத்தம், கடும் காய்ச்சல், பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனை.

கடைசியாகச் சாப்பிட்ட இடம்தான் காரணம் என்று எப்போதும் சொல்ல முடியாது. ஸ்டஃபிலோகாக்கஸ் கிருமியின் நஞ்சு என்றால் 1 முதல் 6 மணி நேரத்தில் வாந்தி வரும். சால்மொனெல்லா 6 மணி முதல் மூன்று நாள்வரை எடுத்துக்கொள்ளும். வலுவான ஆதாரம் எது என்றால், ஒரே அயிட்டத்தைச் சாப்பிட்ட பலருக்கும் ஒரே சமயத்தில் வருவது. யார் எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கு எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று எழுதி வையுங்கள். ஆன்டிபயாடிக் தொடங்குவதற்கு முன் மலப் பரிசோதனை செய்ய முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புத் துறைக்கு ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் அன்றே புகார் கொடுத்தால்தான் ஆய்வுக்குப் போகிறவர்களுக்கு ஏதாவது மிஞ்சியிருக்கும்.

அங்கே ஒண்ணும் சொல்லல. வீட்டுக்கு வந்தாச்சு. இப்ப புகார் குடுக்கலாமா, ஏதாவது கிடைக்குமா?

கொடுக்கலாம், ஆனால் வரிசையாகப் போங்கள். அடுத்த நாளே ரெஸ்டாரன்ட்டின் ஈமெயிலுக்கு எழுதுங்கள்: தேதி, நேரம், மேசை அல்லது பில் எண், எந்தத் தட்டில் என்ன குறை, யாரிடம் சொன்னீர்கள், என்ன எதிர்பார்க்கிறீர்கள். பத்து வரி போதும். ஏழு நாளில் பதில் இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915; தமிழிலும் பேசலாம். அவர்கள் தீர்ப்புச் சொல்பவர்கள் அல்ல, ரெஸ்டாரன்ட்டோடு பேசித் தீர்க்கப் பார்ப்பவர்கள். சர்வீஸ் சார்ஜ், இரட்டைப் பதிவு, அட்வான்ஸ் மாதிரி கணக்கு சம்பந்தப்பட்டவை இங்கேயே தீர வாய்ப்பு அதிகம்.

அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம், இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம்வரை கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் தொடுக்க வேண்டும். "சாப்பாடு சுமார்" என்பதற்கு அங்கே ஒன்றும் கிடைக்காது. சான்றோடு கூடிய தவறுக்குத்தான் அந்த வழி.

ஆன்லைன்ல ரிவ்யூ போட்டேன். எடுத்துடுங்க, இல்லேன்னா கேஸ் போடுவோம்ங்கறாங்க. பயப்படணுமா?

சாப்பிட்டது, வந்தது, கட்டியது என்று நடந்ததை மட்டும் எழுதியிருந்தால், பில்லும் படமும் கையில் இருந்தால் பயப்பட வேண்டாம். "திருட்டுக் கூட்டம்", "செத்த கோழி போடுறாங்க" என்று நிரூபிக்க முடியாததை எழுதியிருந்தால் அந்த வரிகளை நீங்களே திருத்திவிடுங்கள். அவதூறு என்று அவர்கள் போக அதுதான் இடம் கொடுக்கும். வேலை செய்தவர்களின் பெயரையோ முகத்தையோ போடாதீர்கள். ரிவ்யூவை எடுத்தால் ஐயாயிரம் ரூபாய் வவுச்சர் தருகிறோம் என்றால் வாங்காதீர்கள். குறையைச் சரிசெய்திருந்தால், அதையும் ரிவ்யூவிலேயே சேர்த்து எழுதுங்கள்.

சம்பந்தி வீட்டார் கூட்டிட்டுப் போனாங்க, அவங்கதான் பில் கட்டினாங்க. எனக்கு வந்த தட்டுல குறை. எப்படிச் சொல்றது?

மேசையில் வைத்துச் சொன்னால் கூப்பிட்டவர்களுக்குச் சங்கடம். கை கழுவப் போகிற மாதிரி எழுந்து போய், கேப்டன் நிற்கும் இடத்திலேயே மெதுவாகச் சொல்லுங்கள்: "எட்டாம் நம்பர் மேசை, ஜன்னல் பக்கம் நான். கோழி வேகவில்லை. பேச்சில்லாமல் தட்டை எடுத்துக்கொண்டு, வேறொன்று கொண்டுவாருங்கள்." இந்த மாதிரி வேண்டுகோளைப் பெரிய இடங்களில் நன்றாகவே செய்வார்கள், பழக்கப்பட்ட விஷயம். வேகாத கோழி, சைவத்தில் கறி மாதிரி உடம்பையோ நெறியையோ தொடும் குறையாக இல்லாவிட்டால், மற்றவர் கொடுக்கும் விருந்தில் விட்டுவிடுவதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

பிறகு உடம்புக்கு ஏதாவது வந்தால், பில் கட்டியது அவர்கள்தானே, நமக்குப் புகார் கொடுக்க உரிமை இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். காசு கொடுத்தவரின் சம்மதத்தோடு அந்தச் சேவையைப் பெற்றவரும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நுகர்வோர்தான். பில்லின் படம் ஒன்றை மட்டும் மாப்பிள்ளையிடம் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.